மரண நதியும் மறவா நெஞ்சும்: எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் வாழ்வு

பொருநையாறு வளம் செய்யும் நெல்லைச் சீமை தமிழுக்கு அளித்த புலவர் பெருமக்கள் பலர். அவருள், ஒரே வாழ்நாளில் இரண்டு வாழ்வு வாழ்ந்தவர் என்று சொல்லத்தக்கவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை. வைணவராகப் பிறந்து, கிறித்தவராக மறைந்தார். கம்பனைக் கேட்டு வளர்ந்து, கிறித்தவக் கம்பர் எனப் பெயர் பெற்றார். சமயம் மாறியவர் தமிழகத்தில் எத்தனையோ பேர். ஆயின், மாறிய பின்னும் தம் பழைய செவிச்செல்வத்தை இழக்காமல், அதனையே புதிய நம்பிக்கைக்குக் காணிக்கையாக்கியவர் மிகச் சிலர். மனிதன் ஒரு கரையை விட்டு மறுகரை ஏறும்போது எதனைக் கொண்டு செல்கிறான், எதனை விட்டுச் செல்கிறான் என்னும் வினா இவர் வாழ்வின் நடுவே நிற்கிறது. அவ்வினாவே கிறித்தவ சமயம் மறுமை குறித்துக் கேட்கும் வினாவும் ஆகும்.

தோற்றமும் கல்வியும்

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கிருட்டிணபிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ ஒழுக்கம் வழுவாத வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் நல்ல பயிற்சி உடையவர். அதனைப் படித்துப் பொருள் விரிப்பதில் ஈடுபாடு மிக்கவர். எழுத்தறிவதற்கு முன்பே கம்பனின் விருத்த ஓசை சிறுவனின் செவியில் புகுந்துவிட்டது. கண்ணால் கற்றதைக் காட்டிலும் காதால் கற்றது ஆழமாகப் பதியும் என்பதற்கு இவருடைய பிற்காலக் காப்பியம் முழுவதும் சான்று.

திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இவர் முறையாக இலக்கணம் பயின்றார். அக்காலத் தமிழ்க் கல்வி இன்றைய கல்வி போன்றதன்று. அச்சுப் புத்தகம் அரிது. ஏட்டுச்சுவடி ஆசிரியர் வீட்டில் மட்டும் இருக்கும். மாணவன் நிகண்டையும் நன்னூல் நூற்பாக்களையும் அந்தாதிகளையும் மனப்பாடம் செய்தே தனதாக்கிக்கொள்ள வேண்டும். கற்றது எது என்று கேட்டால், நினைவில் நின்றது எதுவோ அதுவே என்பது விடை. ஒருவர் புலவர் என்பதும் அவர் நெஞ்சில் எத்தனை நூல் குடியிருக்கிறது என்பதும் ஏறத்தாழ ஒன்றாகவே கருதப்பெற்றன. இதனை இங்கே குறித்துக்கொள்ளுதல் நன்று. இத்தகைய கல்வியில் தேர்ந்த ஒருவரிடமிருந்து பழைய நினைவை நீக்குவது என்பது அவரிடமிருந்து அவரையே நீக்குவதற்கு ஒப்பாகும்.

சாயர்புரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நெல்லை மாவட்டத்தில் கிறித்தவத் திருத்தொண்டர் பலர் கல்விக்கூடங்களை நிறுவியிருந்தனர். தமிழறிஞர் ஜி.யு. போப் 1842இல் சாயர்புரத்தில் தொடங்கிய குருமடப் பள்ளி அவற்றுள் ஒன்று. இடையன்குடியில் தங்கிப் பணிபுரிந்த கால்டுவெல், அப்பள்ளிக்குத் தகுந்த தமிழாசிரியர் ஒருவரைத் தேடியபோது கிருட்டிணபிள்ளையின் புலமை அவர் கருத்தைக் கவர்ந்தது. 1853இல் இவர் அங்கே தமிழாசிரியரானார். வயது இருபத்தாறு.

வைணவர் ஒருவர் கிறித்தவ மாணவர்க்குத் தமிழ் கற்பித்தார். அவர்கள் கற்ற வேதமும் அவர்கள் பாடிய கீர்த்தனையும் நாள்தோறும் அவர் காதில் விழுந்தன. முதலில் அவர் அவற்றைப் பொருட்படுத்தினாரில்லை. ஆயின் அவருக்கு நெருங்கியவர்களே வழி மாறினர். நண்பர் தனகோடி ராஜுவும், உடன்பிறந்த தம்பி முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே கிறித்தவத்தைத் தழுவினர். வீட்டுக்குள்ளேயே வினா எழுந்துவிட்ட பின் ஒதுங்கி நிற்க இயலவில்லை. அந்நாளில் சமயம் மாறுதல் என்பது மனத்தளவில் முடிந்துபோகும் செய்தியன்று. உற்றார் கையில் உண்ணும் உரிமை, ஊர்ப்பந்தியில் இடம், மூதாதையர்க்குச் செய்யும் கடன், இறந்தபின் தோள் கொடுக்கும் உறவு ஆகிய அனைத்தும் அதனோடு கட்டுண்டவை. கிருட்டிணபிள்ளை நெடுநாள் தயங்கினார் எனில், அத்தயக்கம் கோழைமையன்று. இழப்பின் அளவை அறிந்தவரின் தயக்கம்.

1858ஆம் ஆண்டு சென்னையில் அவர் திருமுழுக்குப் பெற்றார். முப்பது வயதை எட்டிய அவர் ஹென்றி ஆல்பிரட் என்னும் புதுப்பெயரை ஏற்றார்.

பெயரில் நிற்கும் இருவர்

அப்பெயரைச் சற்றே நின்று நோக்க வேண்டும். தமிழர் பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்துகள் ஊரையோ தந்தையையோ சுட்டுவது வழக்கம். இவர் பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளும் திருமுழுக்கின்போது பெற்ற பெயரைச் சுட்டுவன. ஊரும் தந்தையும் நிற்க வேண்டிய இடத்தில் புதிய பிறப்பு நிற்கிறது. அதனை அடுத்து வரும் பெயரோ திருமாலின் திருப்பெயர். அதனை அவர் நீக்கவில்லை. பழைய பெயரைக் களைந்துவிட்டுப் புதுப்பெயர் ஒன்றையே பூண்டவர் பலர் வாழ்ந்த காலத்தில், ஹென்றி ஆல்பிரட்டும் கிருட்டிணனும் ஒரே பெயரில் அருகருகே அமர்ந்தனர். நாற்பதாண்டுகளுக்கு மேல் அவர்கள் பிரியவில்லை.

கிறித்தவத் திருச்சபை திருமுழுக்கை ஒரு சாவாகவும் ஓர் உயிர்ப்பாகவும் காண்கிறது. நீரில் மூழ்குவது பழைய மனிதன் கிறித்துவோடு அடக்கம் செய்யப்படுவதற்கு அடையாளம். நீரினின்று எழுவது புதிய மனிதன் பிறப்பதற்கு அடையாளம். தூய பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகம் இக்கருத்தை விரிவாகக் கூறும். அவ்வாறாயின், திருமுழுக்குப் பெற்ற ஒருவர் சாவை ஒருமுறை முன்னதாகவே கடந்தவர் ஆகிறார். சாவைக் கடந்த பின் ஒருவன் அவனாகவே இருக்கிறானா, முன்னைய வாழ்வை நினைக்கிறானா, அன்பு செய்தவர்களை அறிந்துகொள்கிறானா என்னும் வினாக்கள் மற்றவர்க்கு மறுமை பற்றிய ஆராய்ச்சி. கிருட்டிணபிள்ளைக்கோ அவை சென்னையிலிருந்து ஊர் திரும்பிய நாள் முதல் எதிர்கொள்ள வேண்டிய வாழ்க்கைச் சிக்கல்கள். கம்பனைச் சொல்லிக்கொடுத்த தந்தையின் குரலைப் புதிய மனிதன் மறக்க வேண்டுமா? மறந்தால் அவன் யார்? மறவாவிட்டால் அவன் மாறியது எங்ஙனம்?

இவருக்கு ஏறத்தாழப் பதினான்கரை நூற்றாண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் தோன்றிய தூய அகுஸ்தீனார் வாழ்வை இங்கே ஒப்பிடலாம். அவரும் இலக்கிய ஆசிரியர். தம் முப்பத்திரண்டாம் வயதில், 387இல், திருமுழுக்குப் பெற்றவர். இளமையில் வர்ஜிலின் காப்பியத்தைக் கற்று அதன் நாயகியின் சாவுக்குக் கண்ணீர் விட்டவர். பின்னாளில் அக்கண்ணீரை அவர் குறைத்துப் பேசினாலும், வர்ஜில் அவர் நடையை விட்டு அகன்றதேயில்லை. தம் வாழ்வை இறைவனிடம் முறையிடும் நூலின் பத்தாம் பகுதியில் அவர் நினைவாற்றலைப் பரந்த வெளியாகவும் அரண்மனையாகவும் உருவகித்து வியக்கிறார். அங்கேதான் தம்மைத் தாமே சந்திப்பதாகவும் உணர்கிறார். வர்ஜில் அகுஸ்தீனார்க்கு எப்படியோ, கம்பன் கிருட்டிணபிள்ளைக்கு அப்படி.

மறுமையில் நினைவு

தமிழ் மரபு இவ்வினாவை வேறு வகையில் கேட்டிருக்கிறது. பிறவிகள் பல என்று கொள்ளும் சமயங்களில் உயிர் தொடரும், நினைவு தொடராது. முற்பிறப்பை உணர்தல் அரிய பேறு. மணிபல்லவத்துப் புத்த பீடிகையைத் தொழுத மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கிறாள். அவ்வுணர்வே அவள் துறவுக்கு வழிகாட்டுகிறது. கிருட்டிணபிள்ளை பிறந்த வைணவ மரபிலோ, வீடுபேறு அடையும் உயிர் விரசை என்னும் ஆற்றைக் கடக்கும்போது நுண்ணுடம்பையும் களைந்து, ஒளியுடம்பு பெற்று, நித்தியசூரிகள் எதிர்கொள்ளப் பரமபதம் புகும் என்பர். ஆற்றைக் கடந்து விண்ணகரம் புகும் பயணம் இவருக்குப் பிற்காலத்தில் அயலிடத்திலிருந்து வந்த செய்தியன்று. பிறந்த குடியின் நம்பிக்கையிலேயே அது இருந்தது.

கிறித்தவக் கொள்கைப்படி மனிதனுக்கு வாழ்வு ஒன்று, சாவு ஒன்று, அதன் பின் தீர்ப்பு. உயிர் மட்டும் தப்பிப் பிழைத்தல் அன்று அதன் நம்பிக்கை. உடலோடு கூடிய முழு மனிதன் உயிர்த்தெழுதல். புதைத்த விதை வேறு, முளைத்த பயிர் வேறு எனத் தோன்றினும் இரண்டும் ஒன்றன் தொடர்ச்சியே எனப் பவுல் உவமை காட்டுவார். உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் முதலில் தோட்டக்காரர் என்று எண்ணுகிறாள். அவர் தன் பெயரைச் சொல்லி அழைத்ததும் அறிந்துகொள்கிறாள். எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர்கள் வழியெல்லாம் உடன் நடந்தும் அறியவில்லை. அவர் அப்பம் பிட்டபோது அறிந்தனர். ஐயுற்ற தோமாவுக்கு ஆணித் தழும்புகளே அடையாளமாயின. சென்னையோடு மரபு இணைத்துப் பேசும் அத்தோமாவின் கதை சிந்திக்கத்தக்கது. மகிமை பெற்ற உடலிலும் தழும்பு மறையவில்லை. சாவைக் கடந்த வாழ்வு, பட்ட துன்பத்தைத் துடைத்தழித்த வாழ்வு அன்று; துன்பத்தின் வடு ஒளி பெற்ற வாழ்வு.

நினைவு மறுமையிலும் நிற்கும் என்பதற்குச் செல்வனும் இலாசரும் பற்றிய உவமை சான்று. வேதனையில் இருக்கும் செல்வனிடம் ஆபிரகாம் அவனுடைய முன்னைய வாழ்வை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். அவனும் தன் உடன்பிறந்தார் ஐவரை மறவாமல் அவர்களுக்காக மன்றாடுகிறான். மறுபுறம், புதிய வானமும் புதிய பூமியும் படைக்கப்படும்போது முந்தியவை நினைக்கப்படுவதில்லை என்னும் கருத்து ஏசாயாவின் நூலில் உண்டு. நினைப்பதும் வேண்டும், மறப்பதும் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே கிறித்தவச் சிந்தனை பல நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. ஆங்கில மெய்யியலார் ஜான் லாக், 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஒருவனை அதே ஆளாக நிறுத்துவது உடலும் அன்று, உயிர்ப்பொருளும் அன்று, முன் செய்ததைத் தன் செயலென உணரும் நினைவுணர்வே என்று வாதிட்டார். தீர்ப்பு நாளில் மனிதன் எதற்குப் பொறுப்பேற்பான் என்பதும் அவர் கருத்தில் இருந்தது. பேராயர் ஜோசப் பட்லர் 1736இல் அதனை மறுத்தார். நினைவு ஆளை உண்டாக்குவதில்லை, முன்பே உள்ள ஆளைக் காட்டுகிறது, அவ்வளவே என்பது அவர் முடிவு. மறதி மிக்க முதியவரும் தாயின் முகம் மறந்த நோயாளியும் ஆளிழந்தவர் ஆகிவிடுவரோ என்னும் அச்சம் இவ்வாதத்தின் பின்னே நிற்கிறது. இவ்வச்சத்துக்குக் கவிதை வழியாக விடை தரும் நூல் ஒன்று கிருட்டிணபிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்தது.

பதின்மூன்று ஆண்டுத் தவம்

திருமுழுக்குக்குப் பின் இவர் சென்னையில் தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகப் பணியாற்றினார். மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். பின்னர் நெல்லைச் சீமைக்குத் திரும்பிச் சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் ஆசிரியப் பணி தொடர்ந்தார். திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியிலும் சில காலம் தமிழ் கற்பித்தார். இப்பணிகளுக்கு நடுவே அவர் நெஞ்சில் ஒரு காப்பியம் உருவாகி வந்தது.

ஜான் பனியன் என்பவர் இங்கிலாந்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுதுபார்க்கும் தொழிலாளி. அரசு இசைவின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றியமைக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் இருந்தவர். அவர் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண உருவகக் கதை உலகின் பல மொழிகளில் பரவியது; தமிழ் உரைநடையிலும் வந்தது. நாச நகரத்தினின்று புறப்பட்ட ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு விண்ணகரம் நோக்கி நடக்கும் கதை அது. எளிய உரைநடையில் அமைந்த அக்கதையைக் கிருட்டிணபிள்ளை பெருங்காப்பியமாக்கத் துணிந்தார். நற்போதகம் என்னும் திங்களிதழில் அது பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. 1894இல் இரட்சணிய யாத்திரிகம் நூலுருப் பெற்றபோது ஆசிரியருக்கு வயது அறுபத்தேழு. ஒரு கவிஞன் ஒரு நூலுக்குத் தன் முதுமையையே கொடுத்தான் எனின் மிகையாகாது.

ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும், 47 படலங்களும், இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களையும் சேர்த்து 3766 பாடல்களும் கொண்டது இந்நூல். வீரமாமுனிவரின் தேம்பாவணி 36 படலங்களில் 3615 பாடல்கள் உடையது. அது இத்தாலி நாட்டவர் தமிழ் கற்றுத் தமிழுக்கு அளித்த கொடை. இரட்சணிய யாத்திரிகமோ தாய்ப்பாலோடு கம்பனை உண்டவர் பாடியது. இவ்வேறுபாடு நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் புலனாகும். விருத்தத்தின் ஓட்டத்திலும், உவமை அடுக்கிலும், படலப் பகுப்பிலும் கம்பன் நடமாடுகிறான். ஆரணியம் என்னும் பருவப் பெயரைக் கேட்டதும் தமிழ் நெஞ்சம் எக்காட்டை நினைக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவர் பனியனை அப்படியே பெயர்த்துவிடவும் இல்லை. மூலக்கதையில் சிலுவைக் காட்சி சுருக்கமாக வந்து செல்லும். கிருட்டிணபிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசு பெருமான் பட்ட பாடுகளை விரிவாகப் பாடினார். காப்பியத் தலைவனின் பாட்டைக் கண்ணீர் வரப் பாடுவது தமிழ்க் காப்பிய மரபின் உயிர்நாடி என்பதை அவர் அறிவார். இடையிடையே அமைந்த இசைப்பாடல்களுக்குத் தேவாரம் என்று பெயரிட்டார். அவருடைய மற்றொரு நூலின் பெயர் போற்றித் திருவகவல். சைவர் செவியில் அப்பெயர் மணிவாசகரை நினைவூட்டாமல் இராது. வைணவக் குடியில் பிறந்து கிறித்தவரான ஒருவர் சைவத்தின் செல்வத்தையும் தமிழ் என்னும் பொதுச்சொத்தாகக் கொண்டு புதிய வழிபாட்டுக்கு உரியதாக்கினார்.

இதனால் அவருக்குச் சமயங்கள் அனைத்தும் ஒன்றே என்று யாரும் முடிவு செய்துவிடலாகாது. இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் அவர் நூல், தாம் ஏற்ற சமயமே மெய்ச்சமயம் என நிறுவ எழுந்தது. கொள்கையில் அவர் விட்டுக்கொடுத்தவர் அல்லர். பழைய நம்பிக்கையினின்று பிரிந்தார்; பழைய நினைவினின்று பிரியவில்லை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை வாழ்ந்து காட்டியதே அவர் தனிச்சிறப்பு.

ஆற்றங்கரை

பனியனின் கதையை நினைவின் கதையாகவும் படிக்க இடமுண்டு. பயணி பெற்ற அடையாளச் சுருளைக் குன்றின்மேல் உறங்கித் தொலைக்கிறான். நெடுந்தொலைவு நடந்த பின் இழப்பை உணர்ந்து, வந்த வழியே அழுதுகொண்டு திரும்பி அதனை மீட்கிறான். நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் கோட்டையில் நாட்கணக்கில் அடைபட்டுக் கிடந்தபோது, பூட்டைத் திறக்கும் வாக்குறுதியின் திறவுகோல் தன் மார்புச் சட்டைக்குள்ளேயே இருந்தது அவனுக்குத் திடீரென நினைவு வருகிறது. மயக்கும் நிலத்தைக் கடக்கும்போது இரு பயணிகளும் உறங்கிவிடாதபடி தம் பழைய வாழ்வை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டே நடக்கின்றனர். மறதியே பயணத்தின் பெரும்பகை. நினைவே அதன் வழித்துணை.

இறுதியில் ஆறு வருகிறது. பாலம் இல்லை, படகை நம்ப இயலாது. நடந்தே கடக்க வேண்டும். கடப்பவன் நம்பிக்கைக்கு ஏற்ப ஆழம் கூடும், குறையும். நீரில் இறங்கியதும் பயணியை இருள் சூழ்கிறது. அதுவரை வழியில் பெற்ற ஆறுதல்கள் எதனையும் அவனால் நினைக்க முடியவில்லை. ஒழுங்காகப் பேசவும் முடியவில்லை. வாழ்நாள் முழுதும் நினைவைக் காத்து வந்தவனுக்குச் சாவின் நடுவே நினைவு தவறுகிறது. இலக்கிய உலகில் இதனினும் உண்மையான மரணக் காட்சி அரிது. நெடுநாள் இறைப்பணி செய்த பெரியோர், இறுதி நாட்களில் அறிவு கலங்கி, பாடிய பாட்டும் சொன்ன செபமும் மறந்து கிடப்பதைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதியதன்று.

அப்போது அவனைக் காப்பது அவன் நினைவன்று. உடன் வந்த தோழன். அவன் தலையை நீருக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரையில் வாயில் தெரிகிறது, நம்மை ஏற்க ஆட்கள் நிற்கின்றனர் என்று சொல்லிக்கொண்டே வருகிறான். அவன் மறந்ததை இவன் நினைக்கிறான். சற்று நேரத்தில் இருள் விலகுகிறது. கால் தரையைத் தொடுகிறது. அழியும் உடை ஆற்றில் நழுவிப்போக, இருவரும் மேலே ஏறுகின்றனர்.

லாக்கும் பட்லரும் வாதிட்ட வினாவுக்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. மனிதன் தன் நினைவால் மட்டும் தானாக நிற்பதில்லை. தன்னை நினைப்பவராலும் நிற்கிறான். சிலுவையில் இயேசுவின் அருகே தொங்கிய கள்வன், தன் செயலை எடுத்துரைத்துப் பரிசு கேட்கவில்லை. தன்னை நினைத்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டான். பெற்ற தாய் மறந்தாலும் தான் மறப்பதில்லை என இறைவன் உறுதி கூறுவதாக ஏசாயா நூல் சொல்லும். உயிரின் அடையாளம் அதன் கையிலேயே இருந்தால் முதுமையும் நோயும் அதனைப் பறித்துவிடும். மறவாத ஒருவர் நெஞ்சில் இருந்தால் சாவும் பறிக்க இயலாது என்பதே கிறித்தவ நம்பிக்கையின் உட்கிடை. இரட்சணிய பருவத்தோடு யாத்திரையை முடித்த கிருட்டிணபிள்ளை, விரசைக் கரையிலிருந்து வந்து இவ்வாற்றின் கரையில் நின்றவர். இரு மரபிலும் ஆறு ஒன்று உண்டு. இரு மரபிலும் அக்கரையில் எதிர்கொள்வோர் உண்டு. எதனைக் களைவது, எதனைக் கொண்டு செல்வது என்பதில்தான் வேறுபாடு.

மறைவும் நிலைபேறும்

முதுமையிலும் இவர் எழுத்தை விடவில்லை. பக்திப் பாடல்களின் தொகுப்பாகிய இரட்சணிய மனோகரமும் இலக்கண சூடாமணி, காவிய தர்ம சங்கிரகம் முதலியனவும் இவர் பணிக்குச் சான்றுகள். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் இவர் மறைந்தார். தாம் பாடிய ஆற்றைத் தாமே கடந்தார்.

இவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இரட்சணிய யாத்திரிகப் பாடல்கள் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெற்றன; எல்லாச் சமயத்து மாணவரும் அவற்றைப் படித்தனர். அவர் பாடிய தேவாரங்கள் திருச்சபைகளில் பாடப்பெற்றன. கரையிருப்பில் ஒரு தந்தை மகனுக்குச் சொன்ன கம்பன், திருச்சபையில் நிற்பவர் நாவிலும் பள்ளியில் இருப்பவர் நாவிலும் வேறு உருவில் ஒலிக்கிறான். தந்தையை மறந்து மகன் கிறித்தவர் ஆனார் என்று இனி யார் சொல்ல இயலும்? மகன் கடந்த ஆற்றைத் தந்தையின் குரலும் உடன் கடந்தது.

நெய்வேலி மண்ணில் வாழ்வோர்க்கு இவ்வாழ்வு இன்னும் நெருக்கமாகப் புரியும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பின் சுரங்கத்துக்காக ஊர்கள் பல பெயர்ந்தன. குடிமாறியவர் புதிய தெருவில், புதிய முகவரியில், புதிய தொழிலில் வாழத் தலைப்பட்டனர். தெய்வம் இருந்த இடமும் தெரு இருந்த இடமும் மண்ணைத் தோண்டிய பள்ளமாயின. ஆயினும் பெரியவர் ஒருவரை எந்த ஊர் என்று கேட்டால், இன்று இல்லாத ஊரின் பெயரையே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தம் இருப்பைச் சொல்கிறார். அவர் சொல்லும் வரை அவ்வூர் உண்டு. அவருக்குப் பின் யார் சொல்வது என்பதே எஞ்சும் கேள்வி. அந்நிலத்தின் அடியில் கிடக்கும் கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு. காட்டின் உருவம் அதில் இல்லை; காடு உண்ட வெயில் அதில் உண்டு. மூட்டினால் அவ்வெயிலே மீண்டும் எரிகிறது.

கவிஞர்க்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. ஆற்றின் நடுவே நினைவு தவறிய பயணியின் தலையைத் தோழன் தாங்கிப் பிடித்தான். ஒரு மொழியில் பாட்டு எழுதுவோர் செய்யும் பணியும் அதுவே. மறைந்தவர் தம்மை நினைக்க இயலாத இடத்தில் நின்று, அவர்களை இவர்கள் நினைக்கிறார்கள். எச்.ஏ. கிருட்டிணபிள்ளை தம் தந்தைக்கும் கம்பனுக்கும் அதனைச் செய்தார். அவர் நூலை எடுத்து ஒரு படலம் படிப்பவர் அவருக்கு அதனைச் செய்கிறார்.